குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது அர்த்தம் எவ்வளவு முக்கியம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழாசிரியராக இருந்த என்னை ஊர்க்காரர்கள் இரண்டு காரியத்துக்குத் தேடி வருவார்கள்: கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்க்க, பிறந்த குழந்தைக்குப் பேர் கேட்க. பத்திரிகை வேலை இப்போது குறைந்துவிட்டது. அச்சகத்திலேயே மாதிரி வைத்திருக்கிறார்கள். பேர் கேட்பது மட்டும் கூடிக்கொண்டே போகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பெற்றோர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் என் கருத்துகள்தான். ஜோசியருக்கும் உங்கள் மாமியாருக்கும் வேறு கருத்து இருக்கலாம்.

பேருக்கு அர்த்தம் இருந்தே ஆக வேண்டுமா?

இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. செல்வி என்று கூப்பிடும்போது யாருக்குச் செல்வம் ஞாபகம் வருகிறது? அறுபது வயதுக் குமாரைக் கூப்பிடும்போது இளமையை யார் நினைக்கிறார்கள்? பழகப் பழக அர்த்தம் உதிர்ந்து ஆள் மட்டும் நிற்பார்.

ஆனால் இரண்டு நேரத்தில் அந்த அர்த்தம் திரும்ப எழுந்து வரும். பிள்ளை மூன்றாவது, நாலாவது படிக்கும்போது வீட்டுக்கு வந்து, "என் பேருக்கு என்ன அர்த்தம், ஏன் இதை வெச்சீங்க?" என்று கேட்கும்போது ஒரு தடவை. யாராவது அதை வைத்துக் கிண்டல் செய்யும்போது இன்னொரு தடவை. பிள்ளையின் கேள்விக்கு உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். அகராதிப் பதில்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. "உன் பாட்டி பேரு" என்பதும் பதில்தான். "நீ பொறந்தப்ப ஒகேனக்கல்ல வெள்ளம் கரைபுரண்டு ஓடுச்சு, அதனால காவேரின்னு வெச்சோம்" என்பதும் பதில்தான். என்னைக் கேட்டால் இந்தக் கதைக்குத்தான் முதல் இடம், அகராதிக்கு அடுத்த இடம்.

இணையத்தில் பேர் பட்டியலில் போட்டிருக்கும் அர்த்தத்தை நம்பலாமா?

பாதி சரி, பாதி வாய்க்கு வந்தது. எந்தப் பெயரைத் தேடினாலும் 'அழகானவள்', 'தெய்வீகமானவன்', 'தனித்துவமானவன்', 'வெற்றியாளன்' என்று நாலைந்து அர்த்தத்துக்குள் அடக்கிவிடுவார்கள். அப்படி வந்தாலே சந்தேகப்படுங்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுதுவதால், ஒரே தவறு பத்துப் பக்கத்திலும் இருக்கும்.

அனாமிகா என்று பெண்ணுக்கு ஆசையாக வைக்கிறார்கள். சமஸ்கிருதத்தில் அதற்குப் 'பெயரில்லாதவள்' என்று பொருள். மோதிர விரலுக்கும் அதே சொல்தான். பெயர் சூட்டும் அன்றைக்குக் குழந்தையின் காதில் மூன்று முறை 'பெயரில்லாதவள்' என்று சொல்வது வேடிக்கைதான், ஆனாலும் கேட்க இனிமையான பெயர். தெரிந்தே வைத்தால் ஒன்றும் தப்பில்லை. தன்வி என்றால் மெல்லிய உடல்வாகு உள்ளவள். ரித்விக் என்பது வேள்வி நடத்தும் புரோகிதரைக் குறிக்கும் சொல். மோஹித் என்றால் மயங்கியவன், புத்தி மயங்கியவன் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்ப் பெயரிலும் இந்தக் கூத்து உண்டு. எழினி என்பதை இப்போது பெண் குழந்தைகளுக்கு வைக்கிறார்கள், 'அழகி' என்று அர்த்தமும் போட்டிருக்கிறார்கள். அது நம் தகடூர் அதியமான் மரபில் ஆண்களுக்கு இருந்த பெயர். அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பெயரே பொகுட்டெழினி. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் அரங்கில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரைச்சீலை கட்டியிருப்பார்கள். ஆக, அகராதிப்படி எழினி என்றால் திரை. அதற்காகப் பெயரைக் கைவிட வேண்டியதில்லை. "இது நம்ம ஊரை ஆண்டவங்க வீட்டுப் பேரும்மா" என்று மகளிடம் சொல்லலாமே. தகடூர்தான் தருமபுரியின் பழைய பெயர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பள்ளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

சரிபார்க்க ஆசைப்பட்டால், தமிழ்ச் சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், சமஸ்கிருதத்துக்கு மோனியர் வில்லியம்ஸ் அகராதி. இரண்டையும் இணையத்தில் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். இரண்டிலும் கிடைக்காவிட்டால், யாரோ ஓசைக்காகக் கோத்த பெயராக இருக்கலாம். பிடித்திருந்தால் வையுங்கள், ஆனால் பொய் அர்த்தத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

தாத்தா பேரு தீர்த்தகிரி. அதையேதான் வைக்கணும்னு வீட்டில் சொல்றாங்க. பையன் பெரியவனானதும் சங்கடப்படுவானா?

இந்த மண்ணில் ஒரு காலத்துப் பெயர்களைக் கேட்டாலே எந்தச் சாமி எந்த மலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அரூர் பக்கம் தீர்த்தமலையில் தீர்த்தகிரீஸ்வரர் இருக்கிறார், அதனால் தீர்த்தகிரி. அதியமான்கோட்டையில் சென்றாயப் பெருமாள், அதனால் சென்றாயன். கர்நாடக எல்லையைத் தாண்டினால் மாதேஸ்வரன் மலை, அதனால் பென்னாகரம் பக்கமெல்லாம் மாதையன், மாதப்பன், மாதம்மாள். முனியப்பன் இல்லாத ஊர் இல்லை, எனவே முனியப்பன், முனிராஜ், முனியம்மாள். இவர்களில் யாரும் அர்த்தம் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. தீர்த்தகிரி என்றால் 'புனித நீருள்ள மலை'. ஒரு மனிதனுக்கு மலை என்று பெயர் வைப்பானேன் என்று யாரும் கேட்டதில்லை. வேண்டுதல் பலித்தது, பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான்.

பையன் சங்கடப்படுவானா என்றால், வகுப்பில் எல்லாரும் தர்ஷன், கவின், மித்ரன் என்றிருக்க இவன் மட்டும் தீர்த்தகிரி என்றால் கொஞ்ச நாள் கிண்டல் இருக்கும். பெங்களூருவில் வேலைக்குப் போகும் வயதில் அதையே பெருமையாகச் சொல்லுவான். நடுவில் இருக்கும் பத்து வருடத்தைத் தாங்குவது பிள்ளையின் சுபாவத்தைப் பொறுத்தது.

பெரியவர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள். ஆனால் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. அப்புறம் பெற்ற பிள்ளையை எப்படித் திட்டுவது? அதனால் கூப்பிட ஒன்று, பதிவேட்டில் ஒன்று என்று இரண்டு பெயர் இருந்தது. நீங்களும் அப்படிச் செய்யலாம். அல்லது பெயரை இந்தக் காலத்துக்குச் சுருக்கலாம். மாதேஸ்வரனை மாதேஷ் ஆக்கியவர்கள் அதைத்தான் செய்தார்கள். எந்த வழியில் போனாலும் தாத்தா உயிரோடிருந்தால் அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். "எனக்கே பிடிக்காத பேரு, பையனுக்கு வேற வைங்க" என்று சொல்லும் தாத்தாக்களும் இருக்கிறார்கள்.

கருப்பன், காளியப்பன் மாதிரி பேரெல்லாம் அர்த்தம் நல்லா இல்லை என்று விட்டுவிட்டோம். சரிதானே?

இதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கிருஷ்ணன் என்ற சொல்லுக்குக் கருப்பு நிறத்தவன் என்றுதான் பொருள். ஷ்யாம் என்றாலும் கருமைதான், ஷ்யாமளா என்றாலும் அதுதான். நாம் கருமலை என்று சொல்லியிருக்க வேண்டிய ஊரைத்தான் கிருஷ்ணகிரி என்கிறோம். அர்த்தம்தான் காரணம் என்றால் கருப்பனை ஒதுக்கும்போது கிருஷ்ணனையும் ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்கவில்லையே. கிருஷ் என்று சுருக்கிக் கொஞ்சுகிறோம்.

ஆக, நாம் தள்ளுவது அர்த்தத்தை இல்லை. ஒரு பெயரைக் கேட்டதும் கிராமமா நகரமா, என்ன வயது, என்ன சாதி என்று காது கணக்குப் போடுகிறது. சாதிப் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போடுவதை விடச் சொல்லி 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள், தமிழ்நாட்டில் பட்டங்கள் பெரும்பாலும் உதிர்ந்தும்விட்டன. முன்பாதிப் பெயர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது. அந்த அலுவலகங்களில் யாரும் அகராதியைத் திறந்திருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்துப் பயந்து நகரத்துப் பெயர் வைக்கும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு வழி எளிதாக இருக்கட்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் குலசாமி பெயருக்கு 'அர்த்தம் சரியில்லை' என்று பழி போடாதீர்கள்.

குப்பன், பிச்சை, தவிட்டம்மாள் என்றெல்லாம் வைத்தார்களே, அவர்களுக்குப் பிள்ளை மேல் பாசமே இல்லையா?

பாசம் மிதமிஞ்சியதால் வைத்த பெயர்கள் அவை. முன்னால் பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தார்கள், குப்பன், குப்பம்மாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கினார்கள், தவிடன், தவிட்டம்மாள். சாமியிடம் பிச்சையாகக் கேட்டு வாங்கியது பிச்சை, பிச்சமுத்து. மதிப்பில்லாத பிள்ளை என்று நினைத்து எமன் திரும்பிப் பார்க்காமல் போகட்டும் என்பதுதான் கணக்கு. அர்த்தம் எவ்வளவு மட்டமோ அவ்வளவு பாதுகாப்பு.

ஆனால் போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பெயர்கள் வேறு. அடுத்தது பையனாகப் பிறக்க வேண்டும் என்று இந்தப் பெண்ணின் தலையில் எழுதி ஒட்டிய சீட்டு அது. பெண் சிசுக்கொலைக்குப் பேர் போன பகுதியாக நம் மாவட்டம் இருந்ததை மறைப்பதற்கில்லை. சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் தருமபுரிக்கும் நீட்டிக்க வேண்டிய நிலை இருந்தது. குப்பம்மாளிடம் அவள் பெயரின் கதையைச் சொன்னால், தன்னைக் காப்பாற்ற வீட்டில் என்ன பாடுபட்டார்கள் என்று தெரிந்துகொள்வாள். போதும்பொண்ணுவிடம் எந்தக் கதையைச் சொல்வது? வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரை நான் வாசிக்கும்போது தலை குனிந்தே 'உள்ளேன் ஐயா' சொல்லும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அர்த்தம் எவ்வளவு முக்கியம் என்று கேட்டால், இந்த இடத்தில் முழுக்க முழுக்க முக்கியம். இப்போது யாரும் நேரடியாக இப்படி வைப்பதில்லை. மூன்றாவது பெண்ணுக்கு 'பூர்ணா', 'சம்பூர்ணா' என்று நாகரிகமாக முற்றுப்புள்ளி வைப்பவர்கள் உண்டு. பிள்ளை வளர்ந்து கணக்குப் பார்த்துவிடும், ஜாக்கிரதை.

நட்சத்திர எழுத்துப்படி வைத்தே ஆக வேண்டுமா? அந்த எழுத்தில் நல்ல அர்த்தமுள்ள பேரே கிடைக்கவில்லை.

கிடைக்காது, காரணம் இருக்கிறது. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம், மொத்தம் 108 எழுத்து என்பது வடமொழி எழுத்து வரிசையை வைத்துப் போட்ட அட்டவணை. பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ, ட. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. தமிழ் இலக்கணப்படி ட என்ற எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. ர, ல கூடத் தொடங்காது, அதனால்தான் இராமன், இலக்குமி என்று இகரம் போட்டு எழுதினார்கள். வடமொழியிலேயே 'டோ'வில் தொடங்கும் பெயர் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்.

நம்பிக்கை உள்ளவர்கள் ஜாதகத்துக்கு அந்த எழுத்தில் ஒரு பெயரை ஐயர் சொல்லத் தட்டில் அரிசியில் எழுதிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு வேறு பெயர் வைத்துக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஒரு எழுத்துக்காக எந்த மொழியிலும் இல்லாத பெயரைக் கண்டுபிடித்து, அப்புறம் அதற்கு அர்த்தம் தேடி அலைவதைவிட இது மேல்.

நியூமராலஜி?

நம்பிக்கை இல்லை, அதனால் நீட்டி எழுதவில்லை. ஒன்று மட்டும்: அது ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் பார்க்கும் கணக்கு, பெயரின் பொருளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கூட்டுத்தொகைக்காக ஓர் 'ஏ', ஓர் 'ஐ' சேர்த்துவிட்டு, பிறகு ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று அலைவது பிள்ளைதான்.

தமிழ்ப் பெயர்தான் வைக்க ஆசை. ஓசூரில் இருக்கிறோம், பெங்களூருவில் வேலை. அங்கே வாயில் நுழையுமா?

ஆசை நல்ல ஆசை. 1916-இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய வேதாசலம், மறைமலை அடிகள் ஆனார். அவருக்கு முன்பே சூரியநாராயண சாஸ்திரி, பரிதிமாற் கலைஞர் என்று பெயர் வைத்துக்கொண்டார். வேதத்துக்கு மறை, அசலத்துக்கு மலை. சூரியனுக்குப் பரிதி, நாராயணனுக்கு மால், சாஸ்திரிக்குக் கலைஞர். பொருளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மொழியை மாற்றினார்கள்.

உங்களுக்கு நடைமுறைச் சிக்கல் ழ-வில்தான். யாழினி, மகிழன், எழில் எல்லாம் அருமையான பெயர்கள், ஆனால் இன்றைய கன்னடத்திலும் தெலுங்கிலும் அந்த ஒலி இல்லை. யாளினி, மகிலன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆங்கிலத்தில் 'இசட், எச்' போட்டு எழுதினால் வடக்கத்திக்காரர் 'யாஜினி' என்பார். பெயரைச் சொல்லிச் சொல்லித் திருத்துவது சில பிள்ளைகளுக்கு விளையாட்டு, சிலருக்குத் தொல்லை. தொல்லை வேண்டாம் என்றால் கவின், நிலா, இனியா, ஆதவன், முகிலன் என்று ழ இல்லாமலே நிறைய இருக்கின்றன. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பம் என்றால், முடிவு செய்யும் முன் அந்த மொழி பேசும் பாட்டியிடம் பெயரை ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். அவர் முகம் போகிற போக்கிலேயே தெரிந்துவிடும்.

நாங்கள் முஸ்லிம் குடும்பம், எங்களுக்கும் இதே பதில்தானா?

இல்லை. இஸ்லாத்தில் நல்ல பொருளுள்ள பெயர் வைப்பது பெற்றோரின் கடமைகளில் ஒன்றாகவே சொல்லப்படுகிறது. பொருள் சரியில்லாத பெயர்களை நபிகள் நாயகம் மாற்றியதற்கு ஹதீஸ் உண்டு. மாறுசெய்பவள் என்று பொருள்படும் ஆஸியா என்ற பெயரை ஜமீலா என்று மாற்றினார். இதில் ஒரு நுட்பம்: ஃபிர்அவ்னின் மனைவி பெயரும் ஆஸியாதான், அது மதிப்புக்குரிய பெயர். அரபியில் இரண்டுக்கும் எழுத்து வேறு, தமிழில் எழுதினால் ஒன்று. அதனால் தமிழ்ப் பட்டியலை மட்டும் நம்பாமல், அரபி எழுத்தில் எழுதிக் காட்டி ஹஜ்ரத்திடம் கேட்டுவிடுங்கள்.

எலத்தகிரி, கோவிலூர் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் புனிதர் பெயர்தான் முதலில். அங்கேயும் பொருள் ஒரு வேலை செய்திருக்கிறது. பவுல் என்றால் சிறியவர், அதனால் சின்னப்பர். யோவான் என்றால் கடவுளின் அருள், அதனால் அருளப்பர். சின்னப்பன், அருளப்பன் என்று தாத்தா பெயர் இருந்தால், பழசு என்று ஒதுக்கும் முன் அது பவுலும் யோவானும்தான் என்று நினைவில் வையுங்கள்.

பேரின் அர்த்தம் போலவே பிள்ளை வளரும் என்கிறார்களே?

நம் ஊர் அரசன் பெயர் அதியமான் நெடுமான் அஞ்சி. இன்றைய காதுக்கு அஞ்சி என்றால் 'பயந்து' என்றுதான் கேட்கும். அந்தப் பெயருள்ளவன்தான் ஔவை பாட்டுக்குப் பாட்டு மெச்சிய போர்வீரன், பெருஞ்சேரல் இரும்பொறையோடு நடந்த தகடூர்ப் போரில் களத்திலேயே மாண்டவன். 1981-இல் கண்டுபிடித்த ஜம்பைக் கல்வெட்டிலும் 'அதியன் நெடுமான் அஞ்சி' என்று பெயர் முழுசாக இருக்கிறது, வெட்கப்பட்டு யாரும் மறைக்கவில்லை. போதுமா?

பேரே இன்னும் முடிவாகவில்லை. எவ்வளவு நாள் தள்ளலாம்?

நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயரில்லாமலே பதியலாம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அதுவரை இழுக்காதீர்கள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதன் பின்னோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். மருத்துவமனையில் அவசரப்படுத்தினால் 'செல்லம்', 'பாப்பா' என்று எதையாவது எழுதிக் கொடுக்காமல் அந்த இடத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள்.

பதிந்த பிறகு அர்த்தம் தெரிந்து மாற்ற நினைத்தால்?

எழுத்துப்பிழை என்றால் ஆதாரம் காட்டிப் பதிவாளரிடமே திருத்தலாம். பெயரையே மாற்றுவது பெரிய அலைச்சல், அரசிதழ் வரைக்கும் போக வேண்டியிருக்கும். சான்றிதழில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். இரண்டையும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகு ஒப்புதல் கொடுங்கள். ழ இருக்க வேண்டிய இடத்தில் ல, ண இருக்க வேண்டிய இடத்தில் ன என்றுதான் அதிகம் விழுகிறது.